மச்சம் இல்லாத முகம்

பவளம் டீச்சர் இறந்த செய்தியைக்கூட நான் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. பக்கத்துப் புடைவைக் கடைக்கு அழைப்பு வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். எங்களிடம் படித்து இப்போது கண்டி ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் பிள்ளை பேசினாள். "மிஸ், பவளம் டீச்சர் போயிட்டாங்க" என்றாள். "எங்க, யாழ்ப்பாணத்துக்கா? பாதை தொறந்துட்டாங்களா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

என்மீதும் முழுப் பிழை இல்லை. யுத்தத்தால் மூடிய, ஊருக்குப் போகும் பாதை எப்போது திறக்கும் என்பதுதான் ஐந்து வருடமாக அவருடைய ஒரே பேச்சு. முதல்நாள் பின்னேரம் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோதும் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "இந்த இருமல் நிண்டால் போதும், பாதை திறந்த அண்டைக்கே வெளிக்கிட்டிடுவன்" என்றார். நானும் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கூட இருந்திருக்கலாம்.

இந்தப் பாடசாலை இதழை வாசிக்கும், அவரோடு படிப்பித்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. மனையியல் வகுப்பில் தையல் கோணலாகப் போனால், "இது தையலோ, கடுகண்ணாவை மலை றோட்டு வளைவோ?" என்று கேட்பாரே, அந்தக் குரல் உங்கள் காதிலும் இருக்கும். ஆனால் அவர் கம்பளியில் முகம் செய்தது உங்களில் சிலருக்குத்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கையளவு ஆட்டு உரோமத்தை உருட்டி, நுண்ணிய முட்கள் வெட்டிய ஊசியால் குத்திக்கொண்டே இருக்கவேண்டும். குத்தக் குத்த உரோமம் ஒன்றோடொன்று சிக்கி இறுகி, மூக்கும் கன்னமும் எழும்பி வரும். ஊசிகள், நாடு திரும்பிய ஒரு வெளிநாட்டுத் தாதி கொடுத்துவிட்டுப் போனவை. உரோமம் நுவரெலியாப் பக்கத்து ஆட்டுப் பண்ணையிலிருந்து வரும். அதைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துத்தான் தோலின் நிறம் எடுப்பார். "அரை மணித்தியாலம் ஊறினால் நீங்கள், ஒரு மணித்தியாலம் ஊறினால் நான்" என்று என்னைக் கேலி செய்வார்.

இது பொழுதுபோக்காகத் தொடங்கியதல்ல. இனக் கலவரத்தில் அவருடைய வாடகை வீடு எரிந்தது. கட்டிய சேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர் இரண்டு மாதம் தங்கினார். நகை போனதற்கு அழவில்லை. சான்றிதழ்கள் போனதற்கும் அழவில்லை. ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு திடீரென்று விம்மத் தொடங்கினார். "அல்பம் எரிஞ்சு போச்சு, பரீதா. இப்ப அப்பாவின்ரை மூக்கு ஞாபகம் வருகுதில்லை." அன்றுதான் முதல் முகத்தைத் தொடங்கினார். பதினொரு நாளில் அப்பாவின் மூக்கு கிடைத்துவிட்டது.

உருவம் செய்வது எங்கள் மார்க்கத்தில் கூடாது. உம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "நீ ஊசியத் தொடாத. ஆனா அந்தப் புள்ளைக்கு ஒண்டும் செல்லாத, அழுது தீரட்டும்" என்றார். அதனால் எங்களுக்குள் வேலை பிரிந்தது. புகைப்படங்களைப் பறிகொடுத்த சனங்கள் ஒருவர் சொல்லி ஒருவர் வரத் தொடங்கியதும் டீச்சர், "நீங்கள் எழுதுங்கோ, நான் குத்திறன்" என்றார். அவர் கேட்பார், அவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன். நெற்றி அகலமா, காது ஒட்டியதா என்று எல்லாரும் கேட்பதைத்தான் அவரும் கேட்பார். அதோடு இன்னொன்றும் கேட்பார்: "என்ன விருப்பமாச் சாப்பிடுவார்?" ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "ருசியானதை நினைக்கேக்கை வாய் ஒரு மாதிரி நிக்கும். அந்த வாய் கிடைச்சால் ஆள் கிடைச்ச மாதிரி" என்றார்.

ஒருமுறை செய்து முடித்த முகமொன்றைக் கொடுக்கப் போகும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சிப்பாய் ஒருவன் டீச்சரின் பைக்குள் கைவிட்டான். கையில் வந்தது ஒரு மனிதத் தலை. பயந்துபோய்ப் பையோடு கீழே போட்டுவிட்டான். டீச்சர் ஆறுதலாகக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, இவர் ஒரு தபால்காரர், அடையாள அட்டை இல்லை, மன்னிக்கவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கு உயிர் போய்விட்டது. சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டதால் பிழைத்தோம். 

இனிச் சொல்லப்போவதுதான் இத்தனை வருடமும் என் மனதில் கிடப்பது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பாக்கியம் என்ற அம்மா வந்தார். மகன் ரவி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். சுற்றிவளைப்பொன்றில் படையினர் கொண்டுபோனார்கள். ஆறு வருடமாகத் தகவல் இல்லை. அவனுடைய ஒரேயொரு படம் அடையாள அட்டையில் இருந்தது, அதுவும் அவனோடு போய்விட்டது. இப்போது மகளுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. அண்ணனுக்குக் கருமாதி செய்யாமல் தங்கச்சிக்குத் தாலி கட்டக்கூடாது என்று கொழுந்தனார் பிடிவாதமாக நிற்கிறார். கருமாதிக்கு மாலை போட ஒரு முகம் வேண்டும்.

"செத்ததை ஆர் கண்டது? மாலை போடுறதுக்கு எண்டால் நான் செய்யமாட்டன்" என்றார் டீச்சர்.

"மாலைக்கு நான் கேக்கலீங்க டீச்சர். அவுங்க என்னமோ செஞ்சுக்கட்டும். நான் எம் புள்ள மொகத்த ஒரு தடவ பாத்துக்கிறேனே" என்றார் பாக்கியம். டீச்சர் அவரை இன்னொரு நாள் வரச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விபரம் சொல்ல அவர் வந்தபோது டீச்சர் காய்ச்சலில் படுத்திருந்தார். நான் தனியாக இருந்து எழுதினேன். கடைசியாகச் சாப்பாட்டுக் கேள்வியைக் கேட்டேன். "ரொட்டியும் கட்டசம்பலும்னா உசுருங்க" என்று சிரித்தவர், அதே மூச்சில், "மச்சம் இருக்குங்க, ஒதட்டுக்குக் கீழ" என்று தன் முகத்தில் தொட்டுக் காட்டினார். காட்டியதும் அழத் தொடங்கிவிட்டார். நான் அவசரத்தில், 'ரொட்டி, கட்டசம்பல், மச்சம் உண்டு' என்று ஒரே வரியில் எழுதி மூடிவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் மச்சம் என்றால் மீனும் இறைச்சியும். காய்ச்சல் தணிந்து எழும்பிய டீச்சர் அந்த வரியை வாசித்து, ரொட்டியும் சம்பலும் மீனும் விரும்பித் தின்னும் ஒரு பொடியனின் வாயைச் செய்தார். நல்ல வாய். சிரிக்கப்போவதற்கு முந்திய வாய்.

கருமாதிக்கு முதல்நாள் இரண்டு பேரும் அதைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். பாக்கியம் இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினார். நெற்றியைத் தடவினார், காதைத் தடவினார். "அவந்தான். அந்தச் சிரிப்பு, அப்படியே அவந்தான்" என்றார். பிறகு விரல் உதட்டுக்குக் கீழே வந்து நின்றது. "மச்சம் எங்கங்க டீச்சர்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அவர், "என்ரை பிழை அம்மா, மறந்துபோனன். இருங்கோ, இரண்டு நிமிசம்" என்று பையைத் திறந்து ஊசியையும் ஒரு துளி கறுப்புக் கம்பளியையும் எடுத்தார்.

பாக்கியம் முகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வேணாங்க. இப்படியே இருக்கட்டும். மாலையப் போடட்டும், அழுவட்டும், எல்லாம் இவனுக்குச் செய்யட்டும். எம் புள்ளைக்கு மச்சம் இருக்கு. அவனுக்கு யாரும் கருமாதி செய்யல."

கொழுந்தனார் வாசலில்தான் நின்றார். அவருக்கும் கேட்டிருக்கும். திரும்பி வெளியே போய்விட்டார். கருமாதி நடந்தது, அடுத்த மாதம் கல்யாணமும் நடந்தது. ரவி இன்றுவரை வரவில்லை.

மலையிலிருந்து இறங்கி வரும்போது டீச்சர் ஏசப்போகிறார் என்று காத்துக்கொண்டே நடந்தேன். கண்டிக் குளம் கண்ணில் பட்டதும் நின்றார். பிறகு சொன்னார்: "இவ்வளவு பேருக்குச் செய்தனான். ஒருத்தருக்கும் நம்பியிருக்க ஒரு வழி விட்டுவைக்கேல்லை, பரீதா." அதன் பிறகு, காணாமல் போனவர்களுக்காக வருகிறவர்களிடம் கடைசியாக ஒன்று கேட்கத் தொடங்கினார்: "எல்லாத்தையும் வைக்கட்டோ?" பலர் விளங்காமல் விழிப்பார்கள். சிலருக்கு உடனே விளங்கிவிடும். ஒரு தாய் கன்னக் குழியை வைக்காமல் விடச் சொன்னாள். ஒரு மனைவி உடைந்த பல்லை விடச் சொன்னாள். டீச்சர் ஏன் என்று கேட்டதே இல்லை.

டீச்சரின் உறவுக்காரர் ஒருவரும் வர முடியாததால் நாங்களே இறுதிக் கிரியை செய்து அவரை அனுப்பிவைத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் சுற்றி நேற்றுத்தான் அவருடைய தங்கை செல்வத்தின் கடிதம் வந்தது. "அக்காவை நீங்கள் வடிவாப் பாத்தனீங்களோ? ஆஸ்பத்திரியிலை ஆள் மாறியிருக்காதோ? முகம் எப்பிடி இருந்தது எண்டு ஒண்டும் விடாமல் எழுதுங்கோ" என்று கேட்டிருக்கிறாள்.

எனக்கு எழுதத்தான் தெரியும். நரைத்த முன்மயிரை எழுதினேன். கண்ணாடி அழுத்திய மூக்கை எழுதினேன். எதையோ சொல்லிக் கேலி செய்யப்போவதுபோல் இருந்த வாயையும் எழுதினேன். இடது புருவத்தைப் பிளந்து ஒரு தழும்பு இருக்குமே, உங்களுக்கெல்லாம் தெரியும். சின்ன வயதில் கிணற்றடியில் செல்வம் தள்ளிவிட்டதால் வந்தது. என் கடிதத்தில் அவள் முதலில் தேடப்போவது அதைத்தான். அதை நான் எழுதவில்லை.

இந்த இதழ் அங்கே போய்ச் சேராது என்ற தைரியத்தில் இதைச் சொல்கிறேன். பாதை திறந்து செல்வம் கண்டிக்கு வந்தால் நீங்கள் ஒருவரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். பெட்டியை மூடும்வரை நான் பக்கத்தில் நின்றேன். தழும்பு இருந்தது. அது என்னிடமே இருக்கட்டும்.