வல்லரசு பீரோ

ஆரோக்கியசெல்விக்கு நாற்காலி என்றால் ஆசை. இதை அவள் காதுபடச் சொன்னால் சண்டைக்கு வருவாள், ஆனாலும் உண்மை அதுதான். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை உடைக்கும் ஷெட்டில் தரையில் உட்கார்ந்து சொத்தைப் பருப்பு பொறுக்குவது அவள் வேலை. எங்கள் ஊர் தொடக்கப்பள்ளியில் அவள் படித்த காலத்தில் வாசல் கூட்டுவதற்குக் காலனிப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் கூட்டினாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பேசாத விஷயம்தான் உள்ளே அதிகம் கிடந்து அரிக்கும்.

அவள் மகள் ஜெர்லின் நாலாவது படிக்கும்போது, அதே பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு அவள் தலைவியானாள். பிள்ளையை அங்கே படிக்க வைக்கிற ஒரு தாய்தான் தலைவியாக வேண்டும் என்பது விதி. மற்ற அம்மாக்கள் வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை என்று நழுவிவிட்டார்கள். அரசாங்கம் பள்ளிக்கு அனுப்பும் மானியத்தை வங்கியிலிருந்து எடுக்கத் தலைமையாசிரியர் கையெழுத்து மட்டும் போதாது, தலைவியும் போட வேண்டும். பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று ஊர் கண்காணிப்பதற்கான ஏற்பாடு அது. எங்கள் ஊருக்கு அந்தக் கண் செல்விதான்.

தலைமையாசிரியர் தாண்டவராயன் பேச்சிலேயே ஆளைக் குளிப்பாட்டிவிடுவார். செல்வி உள்ளே நுழைந்தால் எழுந்து, "வாங்க தலைவி" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். பீங்கான் கப்பில் டீ வரும். ஷெட்டிலிருந்து நேராக வந்திருப்பாள், புடவையெல்லாம் மல்லாட்டைத் தூசி. அதைத் தட்டிவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து டீ குடிப்பாள். முதல் மாதம் நுனியில் உட்கார்ந்தவள், மூன்றாவது மாதம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். நாங்கள் கேலி செய்தோம். உள்ளுக்குள் எங்களுக்கும் பெருமைதான்.

அந்தத் தை மாதம் பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோனோம். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல மேளம் முன்னால் போக, வெற்றிலைபாக்கு, பழத்தட்டோடு பள்ளிக்கு வேண்டிய சாமான்களை ஊரே சுமந்துபோய்க் கொடுப்பது இப்போது பல ஊர்களில் வழக்கம். ஷெட்டில் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து ஒரு ஃபேன் வாங்கினோம். கொத்தனார்கள், டிராக்டர்காரர்கள், மாதா கோயில் தெருக்காரர்கள் என்று இன்னும் மூன்று ஃபேன் வந்தது. கோவிந்தம்மாள் ஒரு இரும்பு பீரோவே கொடுத்தாள்.

கோவிந்தம்மாளும் எங்களோடு ஷெட்டில் பருப்பு பொறுக்குகிறவள்தான். அவளுடைய ஒரே மகன் வல்லரசு இந்தப் பள்ளியில்தான் ஐந்தாவது வரை படித்தான். பிறகு கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவனை நாலுவழிச் சாலையில் லாரி அடித்துவிட்டது. அவள் ஆடுகளை விற்றுத்தான் அந்த பீரோவை வாங்கினாள். கதவில் 'வல்லரசு நினைவாக' என்று சிவப்பு பெயிண்ட்டில் எழுத வைத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சீர் இறக்கிய அன்று செல்விதான் அவள் விரலைப் பிடித்து எழுத்தின்மேல் வைத்து, "இதான் அத்தே நம்ம வல்லரசு" என்று காட்டினாள். கோவிந்தம்மாள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் அழுதோம்.

மார்ச் கடைசியில் தாண்டவராயன் செல்வியைக் கூப்பிட்டனுப்பினார். நாற்காலி, டீ எல்லாம் வந்தது. பிறகு விழுப்புரத்துக் கடை ஒன்றின் பில் வந்தது. பீரோ ஒன்று, ஃபேன் நான்கு. செல்வி எட்டாவது வரை படித்தவள், வாசித்துப் பார்த்தாள். இதெல்லாம் ஊர் கொடுத்த சீராயிற்றே என்று கேட்கவும் செய்தாள். தாண்டவராயன் சிரித்தார். மாதம் முடிவதற்குள் செலவு காட்டாவிட்டால் மானியம் திரும்பிப் போய்விடும் என்றார். அதிகாரிகள் வந்தால் சாப்பாடு, அங்கே இங்கே கொடுப்பது என்று பில் போட முடியாத செலவு ஆயிரம் இருக்கிறது என்றார். கடைசியில், தலைவியே நம்பாவிட்டால் இந்தப் பள்ளியை நான் எப்படி நடத்துவது என்றார். கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு அதில் ஒரு பைசா வரவில்லை. வந்தது நாற்காலி மட்டும்தான்.

ஜூலையில் சமூகத் தணிக்கை என்று அறிவிப்பு வந்தது. மானியம் எதற்குச் செலவானது என்று ஊரைக் கூட்டிவைத்து, சபையில் வாசித்து, பொருளைக் காட்டிக் கேட்பார்கள். அதற்கு முந்தின வாரம் பள்ளிச் சாமான்களுக்கெல்லாம் நீல பெயிண்ட் அடித்தார்கள். செல்வி போய்ப் பார்த்தபோது பீரோ பளபளவென்று இருந்தது. வல்லரசைக் காணவில்லை. தணிக்கை முடிந்ததும் திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்றார் தாண்டவராயன். அன்றைக்கும் அவள் டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தாள். இதைப் பின்னால் அவளே சொன்னாள்.

கூட்டத்தன்று தணிக்கைக்கு விழுப்புரத்திலிருந்து பானுப்ரியா என்ற பெண் வந்தாள். சின்ன வயசு, தன்மையான குரல். மேடையில் அவளுக்கு ஒரு பக்கம் தாண்டவராயன், மறுபக்கம் செல்வி. "பீரோ ஒன்று, ஃபேன் நான்கு, பள்ளி மானியத்தில் வாங்கியவை. ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம்" என்று வாசித்தாள்.

ஊரே அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். தலைக்குமேல் நாங்கள் கொடுத்த ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பயம் என்று நினைக்காதீர்கள். கொடுத்ததைச் சபையில் சொல்லிக்காட்டுவதைப்போல ஒரு கேவலம் எங்கள் ஊரில் கிடையாது. பெண்ணுக்குச் செய்த சீரை யாராவது எழுந்து நின்று கணக்குச் சொல்வார்களா? தாண்டவராயன் எங்களோடு பல வருஷம் பழகியவர். எங்கள் மானத்தை நம்பித்தான் அவர் திருடினார்.

பானுப்ரியா முன்வரிசையில் இருந்த கோவிந்தம்மாளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, இந்த பீரோ இஸ்கூல்ல வாங்கினதா?" என்று கேட்டாள்.

கோவிந்தம்மாள் நீல பீரோவைப் பார்த்தாள். பிறகு மேடையில் செல்வியைப் பார்த்தாள். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். நம் பெண் ஒருத்தி இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அவளை நாம் இறக்கக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

"ஆமாங்க. இஸ்கூல்ல வாங்கினதுதான்" என்றாள் கோவிந்தம்மாள்.

செல்வி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"இல்லீங்க மேடம். அது வல்லரசு பீரோ. அந்த அத்தே குடுத்தது. பேரு மேல பெயிண்ட்டு அடிச்சிட்டாங்க. தெரிஞ்சும் நான் வாயை மூடிக்கினு இருந்தேன். பில்லுல கையெழுத்து என்னுது."

அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக எழுந்தோம். அந்த ஃபேன் நாங்கள் கொடுத்தது, இந்த ஃபேன் இவர்கள் கொடுத்தது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னோம், நாங்கள்தான் திருடியதுபோல. தாண்டவராயன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பானுப்ரியா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், செல்வி கையெழுத்தைப் பற்றியும்.

விசாரணை இன்னும் நடக்கிறது. தாண்டவராயனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். செல்வி பதவியை விட்டுவிட்டாள். துணிச்சல்காரி என்று அவளைப் புகழ்கிறவர்களும் உண்டு. புகழ்ந்தால் எழுந்து போய்விடுகிறாள். அது ஏன் என்பது எனக்குத் தெரியும், கூட்டம் கலைந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

எல்லோரும் போனபிறகு கோவிந்தம்மாள் பீரோவிடம் போனாள். கதவைத் தடவினாள். எழுத்து தட்டுப்படவில்லை. செல்வி பின்னாலேயே போய், "அத்தே, நானே என் கையால திரும்ப எழுதிடறேன்" என்றாள். ஆனால் விசாரணை முடியும்வரை பீரோவை யாரும் தொடக்கூடாது என்று பானுப்ரியா சொல்லியிருந்தாள். அதையும் செல்விதான் சொல்ல வேண்டியிருந்தது.

கோவிந்தம்மாள் நீல பெயிண்ட்டின்மேல் ஓர் இடத்தில் விரலை வைத்து, "இங்கதான இருந்திச்சி?" என்று கேட்டாள்.

செல்வி அந்த விரலைப் பிடித்துக் கொஞ்சம் மேலே நகர்த்தி வைத்தாள்.

கோவிந்தம்மாள் விரலை எடுக்காமல் சொன்னாள்: "எனக்கு இன்னா தெரியும் செல்வி. அன்னிக்கி நீதான விரலைப் புடிச்சிக் காட்டுன."