இறங்கிய நேரம், ஏறிய நேரம்

வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டின் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், ஓர் ஆணியில், கடலுக்கடியில் சுழியோடப் போடும் கண்ணாடி ஒன்று தொங்குகிறது. நீல ரப்பர் விளிம்பு. விலைச்சீட்டு கட்டியிருந்த நூல் இன்னும் அதன் பட்டியில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை முற்பகல் அதை வாங்கினேன். பக்கத்தில் நின்ற மச்சாள் கறுப்பை எடுத்தார். "நீலம் போட்டால் கடலுக்குள்ள உம்மை எங்கயெண்டு தேடுறது?" என்று அவர் கேட்டதையும் அன்றிரவே கொப்பியில் எழுதிவைத்தேன். எதையும் நாளும் நேரமும் போட்டுக் குறித்துவைப்பது என் பழக்கம். மற்றவர்கள் மறந்துபோனவற்றை நான் வைத்திருக்கிறேன் என்று அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

மச்சாள் என் கணவரின் அக்கா. கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கிறார். புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை. நாள் முழுக்க நீதிமன்றத்துக்கான சத்தியக்கடதாசிகள் அடிப்பார். ஐம்பத்தொரு வயதில் சுழியோடப் பழகப்போவதாக அவர் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். கடலுக்குள் தனியே இறங்கக்கூடாது, ஒரு சோடி வேண்டும் என்றதும் என்னையும் இழுத்துக்கொண்டார். கல்கிசைக் கடலில் பழகினோம். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் தண்ணீருக்குள் 'மேலே போவோம்' என்று பொருள். மச்சாளோ எல்லாம் நன்றாயிருக்கிறது என்று சொல்வதற்காக விரலை உயர்த்துவார். பயிற்றுநரான பையன் பொறுப்பாக அவரை மேலே கொண்டுவந்து விடுவான். மூன்றாம் முறை அந்தப் பையன் சிங்களத்தில், "அக்கே, சந்தோஷத்தை மனசுக்குள்ளேயே வைச்சிருங்க" என்று கெஞ்சினான்.

சான்றிதழ் அட்டைகள் கைக்கு வந்தபோது தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கும் காலம். அது தொடங்கினால் கொழும்புப் பக்கக் கடல் கலங்கிவிடும். கிழக்குக் கடல் தெளியும். எங்கள் முதல் பயணம் நிலாவெளிக்கு என்று முடிவாயிற்று. ஓகஸ்டில் நீதிமன்ற விடுமுறை, மச்சாளுக்கு லீவு கிடைக்கும். நான் அட்டவணை போட்டேன்: ரயில், அறை, மூன்று நாள், நாளுக்கு இரண்டு தடவை இறங்குவது, இடையில் எத்தனை மணித்தியாலம் ஓய்வு. மச்சாள் அதைப் பார்த்து, "மீனுகளுக்கும் ஒரு பிரதி அனுப்பும், அதுகளும் நேரத்துக்கு வரட்டும்" என்றார்.

நிலாவெளிச் சுழியோடும் நிலையத்திலிருந்து சுகாதாரப் படிவம் வந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினோம். பயிற்சியில் சேரும்போதும் இப்படி ஒன்று தந்தார்கள். அன்று நான் என் படிவத்தில்தான் கண்ணாயிருந்தேன். இம்முறை மச்சாளின் பேனை 'இல்லை', 'இல்லை' என்று நிற்காமல் இறங்கியதைப் பார்த்தேன். மயக்கம், வலிப்பு என்ற வரியையும் அது அப்படியே கடந்தது. எழுந்துபோய்ப் பழைய கொப்பியை எடுத்தேன். கந்தசஷ்டி ஆறாம் நாள், பின்னேரம் மூன்று நாற்பது, கொட்டாஞ்சேனைக் குசினி. என் கையெழுத்துத்தான்.

"மச்சாள், அண்டைக்கு விழுந்தனீங்கள்."

"அது விரதம். ஆறு நாள் பாலும் பழமுமா இருந்தால் விழாமப் பறக்கிறதோ?"

"நாக்குக் கடிபட்டிருந்தது. இடக்கை இழுத்தது. எழுதி வச்சிருக்கிறன்."

"உம்மட கொப்பியைத் தவிர வேற ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவம். அவர் ஓமெண்டால் போவம்."

"ஓமெண்டு சொல்லாட்டி?"

மச்சாள் படிவத்தின் அடியில் கையெழுத்து வைத்தார். "அம்மா படுக்கையில கிடந்த பதினாலு வருசமும் காலிமுகத்திடலில நிண்டுதான் கடல் பாத்தனான். இனிக் கரையில நிண்டு பாக்க என்னால ஏலாது."

கணவரிடம் சொன்னேன். "அக்கா எப்ப ஆற்ற சொல்லைக் கேட்டவ?" என்றதோடு அவர் முடித்துக்கொண்டார். மச்சாள் விழுந்ததை நிலாவெளி நிலையத்துக்கு எழுதலாமென்று மூன்று முறை செய்தி தட்டி மூன்று முறையும் அழித்தேன். அந்தக் கதவை நான் சாத்தினால், மச்சாளுக்குப் பிறகு எந்தக் கடலும் திறக்காது. கடைசியில் எனக்கு ஒரு கெட்டித்தனம் தோன்றியது. சோடி இல்லாமல் இறங்க விடமாட்டார்கள் அல்லவா? நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மச்சாள் "சரி" என்றார். பயணம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன் என்றும் கொப்பியில் இருக்கிறது.

தனியே வருகிறவர்களுக்கு அங்கேயே யாரையாவது சோடி சேர்த்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மச்சாள் விசாரித்திருக்கிறார். நான் போட்ட அட்டவணையை எடுத்துக்கொண்டு, நான் குறித்த ரயிலிலேயே போனார். மூக்கு நுனி கறுத்துத் திரும்பினார். ஆமை பார்த்தாராம், சின்னச் சுறாக்கள் இவரைக் கண்டு ஒதுங்கினவாம். கூட இறங்கியவர் யாரென்று கேட்டேன். "ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. நல்ல பிள்ளை, கையை விடவேயில்லை." அந்தப் பிள்ளைக்குச் சொன்னீர்களா என்று கேட்கவில்லை. கையைப் பிடித்திருந்தவளுக்கு எதைப் பார்க்க வேண்டும், எந்தக் கை முதலில் இழுக்கும் என்று தெரியாது. தெரிந்த ஒரே ஆளான நான், கெட்டித்தனமாக, வெள்ளவத்தையில் இருந்தேன்.

இப்போது ஒவ்வொரு பருவத்துக்கும் போகிறார். நானும் வருகிறேன் என்று பிறகு ஒருமுறை சொன்னேன். "வேண்டாம். நீர் மீனைப் பாக்கமாட்டீர், என்னையே பாத்துக்கொண்டிருப்பீர்" என்றார், கோபமில்லாமல். எனக்காக ஒன்று மட்டும் செய்கிறார். படகிலிருந்து "இறங்கிறன்" என்று அனுப்புவார். பிறகு "மேல வந்திட்டன்" என்று. புதுக் கொப்பியில் இரண்டு நிரல் போட்டு அவற்றை எழுதிக்கொள்கிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இறங்கிய நேரம் காலை எட்டுப் பன்னிரண்டு. வழமையாக ஐம்பது நிமிடத்தில் ஏறிவிடுவார். காற்றுக்குக் கதவு அசையும்போதெல்லாம் அந்த நீலக் கண்ணாடி பலகையில் மெல்லத் தட்டுகிறது. ஒன்பது ஐந்து. ஏறிய நேரத்துக்கான கட்டத்தில் பேனையை வைத்துக்கொண்டிருக்கிறேன்.