மாயக்காள் கையிலிருந்த இலை

மாயக்காள் என்ற பேரைச் சண்முகவள்ளி முதன்முதலில் கேட்டது தன் கல்யாணத்தன்றுதான். தாலி ஏறி, மாலை வாடி, பசி காதை அடைத்துக்கொண்டிருந்த நேரம். பந்திப் பாய் விரித்து, இலை போட்டு, தண்ணீரும் தெளித்தாயிற்று. ஆனால் ஒருத்தரும் உட்காரவில்லை. "மாயக்கா வரட்டும். அவ கை காட்டாம உக்காந்தா வம்பாப் போகும்" என்று மாப்பிள்ளை வீட்டார் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். யார் இந்த மாயக்காள், கலெக்டரா என்று நத்தத்துக்காரியான வள்ளிக்கு வியப்பாக இருந்தது.

வந்தாள். நெட்டை உருவம். கன்னத்தில் அடக்கிய புகையிலை. இடக்கையில் சுருட்டிப் பிடித்த ஒரு வாழையிலை. ஆட்களைப் பார்க்கவே இல்லை. வாசலில் கிடந்த செருப்புகளைத்தான் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே திரும்பிச் சொன்னாள்: "எரியோட்டுக்காரரும் வந்துட்டாரு, அவரு சம்பந்தியும் வந்துட்டாரு. ரெண்டு பேருக்கும் கெணத்துத் தகராறு. எதிரும் புதிருமா உக்கார வச்சிராதீக. ஒரே வரிசையில போட்டு நடுவுல செவிட்டுச் சித்தப்பன வையி."

அப்படியே வைத்தார்கள். பாயசம் வரைக்கும் ஒரு சத்தம் இல்லை.

மாயக்காள், வள்ளியின் புருஷன் சோலைமுத்துக்கு அத்தை, அவன் அப்பாவோடு கூடப் பிறந்தவள். வள்ளிக்கு முறைப்படி பெரியம்மா. சாணார்பட்டியில் கொஞ்சம் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் போட்டுப் பிழைக்கிறவள். எழுத்து தெரியாது. ஆனால் சுற்றுப்பட்டு ஊர்களில் யார் யாருக்கு என்ன முறை, யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை, யார் வீட்டில் பெண் இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கல்யாணம் வைத்தவர்கள் வெற்றிலை பாக்கோடு போய், "பந்திக்கு வந்துரு மாயக்கா" என்று கூப்பிட்டுவிட்டு வருவார்கள். பெண் வைத்திருப்பவரையும் பையன் வைத்திருப்பவரையும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு நகர்ந்துவிடுவாள். ரசம் ஊற்றுகிற நேரத்துக்குள் அவர்கள் மழை, மாடு என்று ஆரம்பித்திருப்பார்கள். மோர் வருவதற்குள் பேச்சு பிள்ளைகளிடம் வந்து நிற்கும். இப்படி அவள் இலை போட்டே முடித்த கல்யாணங்கள் அந்தப் பக்கத்தில் நிறைய.

வள்ளிக்குப் புரியாமல் இருந்தது அந்தச் சுருட்டிய இலைதான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் இலைக்கட்டிலிருந்து நல்ல இலையாக ஒன்றை உருவிக் கையில் வைத்துக்கொள்வாள். கடைசி ஆள் கை கழுவுகிற வரைக்கும் அதைக் கீழே வைக்கமாட்டாள். எதற்கு என்று புருஷனிடம் கேட்டால் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருப்பான். மற்றவர்களிடம் கேட்டால், "அது அவ கிறுக்கு" என்று முடித்துக்கொண்டார்கள்.

மாயக்காளுக்கு ஒரே மகள், பொன்னழகு. சோலைமுத்தைவிட மூத்தவள். சிறு வயசிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. பேய் என்றார்கள், செய்வினை என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள், சூடு போட்டார்கள். கட்டிக்கொடுக்க வழியில்லை. விசேஷ வீடுகளில் சமையல்கட்டுப் பக்கமாக உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். வெங்காயம் உரித்தால் விரல் தெரியாது, அவ்வளவு வேகம். கேட்டால் பேசுவாள், கேட்காவிட்டால் சிரிப்பாள்.

சோலைமுத்து டாக்டருக்குப் படித்துவிட்டுத் திண்டுக்கல்லில் டாக்டர் அப்துல் கையூமிடம் உதவிக்கு இருந்தான். கையூமுக்கு அவன்மேல் உயிர். ஒரே ஒரு குறைதான் சொல்வார்: "பேஷண்ட்டுக்கிட்ட மணிக்கணக்கா பேசுறான். பெரியவங்க எதிர்ல நின்னா வாய்க்கு நம்ம ஊர்ப் பூட்டைப் போட்டுக்கிறான்." அது உண்மை. தனக்கு மேலே உள்ளவர் கண்ணைப் பார்த்து அவனால் ஒரு வாக்கியம் முடிக்க முடியாது.

அறுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், கையூம் தம் முயற்சியில் மூளை, நரம்பு டாக்டர்களின் மாநாடு ஒன்றைத் திண்டுக்கல்லில் கூட்டினார். புகையிலை வியாபாரி ஒருவரின் கல்யாண மகாலில் இரண்டு நாள். அவரோடு கூடப் படித்தவர், மெட்ராஸில் மூளை வைத்தியத்தில் பேரெடுத்தவர், வர ஒத்துக்கொண்டதால்தான் அது நடந்தது. அவரைப் பேர் சொல்லி யாரும் பேசவில்லை, பெரிய டாக்டர் என்றார்கள். அந்த வருஷம் தெற்கு ஜில்லாக்களிலிருந்து ஒரே ஒரு இளம் டாக்டரைத் தம்மிடம் சேர்த்துப் பழக்கப்போகிறார் என்பது வருவதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மதுரை, திருச்சி, திருநெல்வேலி என்று இளவட்ட டாக்டர்கள் புதுக் கோட்டுத் தைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். அந்த இடம் சோலைமுத்துக்கும் வேண்டும். வள்ளிக்கு மட்டும்தான் அதைச் சொல்லியிருந்தான், அதுவும் விளக்கை அணைத்த பிறகு.

"மண்டபத்துல படம் காட்டுறப்ப இருட்டா இருக்கும், பேச முடியாது. சாப்பாட்டு நேரம் ஒண்ணுதான். யார் பக்கத்துல உக்கார்றான்ங்கிறதுதான் சமாசாரம். நீ தள்ளி நின்னுறாத தம்பி" என்று கையூம் அவனிடம் சொல்லி வைத்தார். சொன்ன கையோடு, வந்தவர்கள் சாப்பாட்டில் குறை சொல்லக் கூடாது என்று பந்தியை மாயக்காளிடம் ஒப்படைத்ததும் அவர்தான்.

மாயக்காளுக்கு முதலில் திண்டாட்டமாகப் போய்விட்டது. வாசலில் செருப்பே இல்லை. எல்லாரும் கறுப்புப் பூட்ஸோடு உள்ளே போனார்கள், எல்லாம் ஒரே அச்சு. நெஞ்சில் பேர் எழுதிக் குத்தியிருந்தார்கள், அது அவளுக்கு உதவவில்லை. செத்த நேரம் தூணோரம் நின்று பார்த்தாள். பிறகு வள்ளியிடம் வந்தாள். "யார் வந்தா யார் எந்திரிக்கிறான், யார் சிரிச்சா யார் கூடச் சிரிக்கிறான்னு பாத்தேன். வெளங்கிருச்சு. மெட்ராஸ்காரருதான் மாமனாரு. அந்தக் கோயமுத்தூர்க் கண்ணாடிக்காரரு அவருக்குப் பங்காளி, ரெண்டு பேருக்கும் ஆகாது. இந்த இளசுக அம்புட்டும் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைக."

அவள் சொன்னது அத்தனையும் சரி என்று கையூம் பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

நடுவில் ஒருதரம் மண்டபக் கதவை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டும் வந்தாள். திரையில் மூளையின் படம் ஓடிக்கொண்டிருந்தது. "ஆட்டு மூளையேதான். கொஞ்சம் பெருசு. இதப் பாக்கவா இம்புட்டுப் பேரு ரயிலேறி வந்திருக்காக" என்றாள் சமையல்கட்டில். பொன்னழகு வெங்காயத்தை வைத்துவிட்டு, "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமா, எனக்கும் அப்படித்தானா" என்று கேட்டாள்.

மதியம் பந்தி. கால்சட்டைக்காரர்கள் இடுப்பு வாரைத் தளர்த்திக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்கள். மாயக்காள் கை காட்டக் காட்ட வரிசை நிறைந்தது. பெரிய டாக்டரை நடுவில் வைத்தாள், கண்ணாடிக்காரரை அவர் கண்ணில் படாத கோடியில் வைத்தாள். பெரிய டாக்டருக்கு இடப்பக்கத்து இலையை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள். வள்ளிக்கு நெஞ்சு குளிர்ந்தது. சோலைமுத்து தயங்கித் தயங்கி அந்த இலைப் பக்கம் போனான்.

மாயக்காள் குறுக்கே வந்தாள். அவன் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தாள். "ஏலே முத்து, கோட்டைக் கழத்தி வச்சிட்டு ஊத்து." இடப்பக்கத்து இலையில் திருச்சி டாக்டர் ஒருத்தனை உட்கார்த்தினாள்.

அத்தை சொல்லை அவன் தட்டினதில்லை. கோட்டைக் கழற்றினான். வேட்டிக்காரர்களோடு சேர்ந்து, முழங்கை வரைக்கும் சட்டையை மடித்துவிட்டு, வரிசை முழுக்கச் சாம்பார் ஊற்றினான். அவனோடு படித்தவன் ஒருத்தன், "முத்து, இன்னுங் கொஞ்சம் காயப் போடு" என்று கேட்டு வாங்கினான். பெரிய டாக்டர் இலையில் அவன் ஊற்றும்போது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, போதும் என்று கையை மட்டும் காட்டினார். திருச்சிக்காரன் ரசம் வருவதற்குள் அவரைச் சிரிக்க வைத்துவிட்டான்.

வள்ளி சமையல்கட்டில் மாயக்காளைப் பிடித்துக்கொண்டாள். அவரை ஏன் அந்த இலையில் உட்கார விடவில்லை என்று குரலை உயர்த்தாமல் கேட்டாள். மாயக்காளுக்கு விளங்கவே இல்லை. நம் ஊரில் நடக்கிற விசேஷம், நம் வீட்டுப் பிள்ளை, வந்த ஜனம் சாப்பிடும்போது அவன் முதல் பந்தியில் உட்கார்ந்தால் ஊர் காறித் துப்பாதா என்று கேட்டாள். பரிமாறுகிறவன்தான் வீட்டுக்காரன், அந்தக் கௌரவத்தைத்தானே அவன் கையில் கொடுத்தேன் என்றாள்.

"இது கல்யாணம் இல்ல பெரியம்மா" என்றாள் வள்ளி. "இங்க உக்காந்தவுகளுக்குத்தான் வேல. அவரு மெட்ராஸ் போயி என்ன படிக்கணும்னு கெடக்காரு தெரியுமா? வலிப்புக்குப் படிக்கணும்னு."

மாயக்காள் புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். மூலையில் பொன்னழகு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் மதியத்தோடு மாநாடு முடிந்தது. முதல் பந்தியில் அன்றும் சோலைமுத்துக்கு இடம் இல்லை. அன்றும் வாளிதான். வள்ளிக்கு மனசு விட்டுப்போயிற்று. பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார், ரயிலுக்குக் கார் வந்து நின்றுவிட்டது. இளவட்டங்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். அப்போதுதான் மாயக்காள் பாயச வாளியும் கரண்டியுமாக அவர் எதிரில் போய் நின்றாள்.

"அய்யா, செத்த நேரம். எங்க பக்கத்துல ஒரு வழக்கம். ஊத்துன ஆளுகளும் சமைச்ச ஆளுகளும் கடைசிப் பந்தி உக்காருவாக. வந்த ஜனத்துல மூத்தவரு அவுகளுக்கு மொதக் கரண்டி போட்டுட்டுத்தான் படியெறங்கணும். போடாமப் போனா வயிறு நெறயலன்னு அர்த்தம்."

அப்படி ஒரு வழக்கத்தை வள்ளி அதுவரை கேள்விப்பட்டதில்லை. நத்தத்திலும் இல்லை, சாணார்பட்டியிலும் இல்லை. சமையல்காரர்கூட முழித்தார். கையூம் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டே, "ஆமாமா, இங்க ரொம்ப முக்கியம்" என்றார்.

பெரிய டாக்டர் சிரித்துவிட்டுக் கரண்டியை வாங்கினார்.

கடைசிப் பந்தியில் வரிசையாகச் சமையலாட்கள், பரிமாறினவர்கள். ஓரத்தில் சோலைமுத்து. அவனுக்கு அடுத்து பொன்னழகு. அவளுக்கு மறுபக்கம் பாய் காலியாகக் கிடந்தது. தண்ணீர் தூக்குகிறவர்கள் நெருக்கியடித்து எதிர் வரிசையில் உட்கார்ந்தார்களே தவிர அங்கே வரவில்லை. வலிப்புக்காரி பக்கத்தில் உட்கார்ந்து தின்றால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பயம். மாயக்காள் போனாள். இடக்கையில் இருந்த இலையைச் சுருள் பிரித்து மகளுக்குப் பக்கத்தில் போட்டாள். மகள் பக்கத்து இலை காலியாகக் கிடக்கக் கூடாது, யாரும் வராவிட்டால் நாமே உட்கார வேண்டியது என்று அவள் வருஷக்கணக்காகக் கையோடு கொண்டு திரிந்த இலை அது. வள்ளிக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெரிய டாக்டர் கரண்டியோடு ஒவ்வொரு இலையாக வந்து சோலைமுத்துவிடம் நின்றார். "நீ கையூம் கிட்ட இருக்கற பையன்தானே? சாம்பார் ஊத்தினியே. என்ன பண்ணிண்டிருக்கே?"

நின்றுகொண்டிருந்தால் அவன் வாய் திறந்திருக்காது. இப்போது குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இலையைப் பார்த்தே பேசினான். "இது எங்க அத்தை மக, சார். சின்னப் பிள்ளையில பந்தியில இவுக பக்கத்துல நான்தான் உக்காருவேன். வலிப்பு வர்றதுக்கு முந்தி எடது கைப் பெருவிரல் மட்டும் ஆடும். பெறகு மணிக்கட்டு, பெறகு வாய்க்கோணம். ஒவ்வொரு தடவையும் அதே விரல்லதான் ஆரம்பிக்கும். மூளையில எந்த எடம் அந்த விரலைப் பிடிச்சு ஆட்டுதுன்னு தெரிஞ்சுக்கணும்னுதான் நான் டாக்டருக்கே படிச்சேன்." சொல்லச் சொல்ல அவன் விரல் இலையின் நடுநரம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. எங்கே எப்போது வந்தது, தலையில் சிறுவயசில் பட்ட அடி, மருந்தில் வலிப்பு ஏன் நிற்கவில்லை என்று அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

பெரிய டாக்டர் கையிலிருந்த கரண்டியிலிருந்து பாயசம் சொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, காலியாக இருந்த அந்த இலையில் உட்கார்ந்தார். "எந்த விரல்மா?" என்று பொன்னழகைக் கேட்டார். அவள் சோற்றுக்கையை எடுத்துவிட்டு இடது பெருவிரலைக் காட்டினாள். அவர் அதைப் பிடித்துப் பார்த்தார். கார்க்காரன் இரண்டுதரம் ஹாரன் அடித்தான்.

மாயக்காள் கரண்டியை அவரிடமிருந்து வாங்கி, அவர் இலையில் ஒரு கரண்டி பாயசம் ஊற்றினாள். "இலையில உக்காந்துட்டு வெறும் வாயா எந்திரிக்கப்படாது." அவரும் சாப்பிட்டார்.

எழுந்திருக்கும்போது சோலைமுத்துவிடம் சொன்னார்: "ஜூன்ல வந்து சேர்ந்துடு. வரச்சே இவங்களையும் அழைச்சிண்டு வா." கை கழுவுகிற இடத்தில் திருச்சிக்காரன் துண்டை நீட்டிக்கொண்டே நின்றான்.

மாயக்காளின் அந்த வழக்கம் சில வருஷத்துக்குள்ளேயே சாணார்பட்டிப் பக்கத்தில் நிஜ வழக்கமாகிவிட்டது. சம்பந்தி வீட்டு மூத்தவர் கடைசிப் பந்திக்கு முதல் கரண்டி போடாவிட்டால் மனஸ்தாபமே வருகிறது. தலைமுறை தலைமுறையாக உள்ளது என்று சொல்கிறார்கள். பக்கத்தில் நிற்கிற மாயக்காள், "ஆமா, எங்க அம்மாச்சி காலத்துல இருந்து" என்கிறாள்.

பொன்னழகுக்கு வலிப்பு அடியோடு நிற்கவில்லை. மெட்ராஸ் மாத்திரையில் எப்போதாவது ஒருதரம் என்று குறைந்திருக்கிறது. போன தையில் நத்தத்தில் வள்ளியின் தங்கை கல்யாணம். முதல் பந்தியில் பொன்னழகு உட்கார்ந்தாள். பக்கத்து இலைக்கு யாரும் கை காட்டவில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு பெண், இடுப்புப் பிள்ளையோடு, தானாக வந்து அங்கே உட்கார்ந்து, பிள்ளையைப் பொன்னழகு மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் தெளித்தாள். மாயக்காள் கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு திரும்பிப் போய், தன் கையிலிருந்த இலையை உதறி, இலைக்கட்டோடு சேர்த்து வைத்தாள்.

சோலைமுத்தும் வள்ளியும் மெட்ராஸில் இருக்கிறார்கள். மாயக்காள் சாணார்பட்டியில், மகளோடு இருக்கிறாள்.