ஈயம் உருக்க ஒரு சட்டி

என் கணவர் தண்ணீரை வடிகட்டாமல் வாயில் வைக்க மாட்டார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். சமணக் குடும்பத்தில் இதெல்லாம் புதிதில்லை. ஆனால் இவர் அரிசியில் புழுவைக் கண்டால் முறத்தோடு வெளியே கொண்டுபோய், வெயில் படாத இடமாகப் பார்த்து இறக்கிவிடுகிற மனிதர். அவரைத்தான் நான் காட்டுப்பன்றி சுடச் சொன்னேன். என் புத்தியை என்ன சொல்ல.

எழுபதுகளின் கடைசி. அடி அண்ணாமலையில், மலையை ஒட்டி எங்களுக்கு இரண்டு ஏக்கர் வேர்க்கடலை. அதுதான் வருஷத்துச் சோறு. மாமனார் விட்டுப்போன, உரிமம் உள்ள நாட்டுத் துப்பாக்கியில் வெறும் மருந்தை மட்டும் கெட்டித்து வெடித்துப் பன்றிகளை விரட்டுவார் இவர். முதல் வாரம் ஓடின. அப்புறம் தலையைத் தூக்கி இவரைப் பார்த்துவிட்டு மறுபடி தோண்ட ஆரம்பித்தன. ஈயக்குண்டு போட்டால்தான் ஆயிற்று என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

பழைய பேட்டரிக் கடையில் ஈயம் ஒரே நாளில் கிடைத்தது. அதை உருக்கச் சட்டி தேடித்தான் மூன்று வாரம். மண்சட்டி வெடிக்கும் என்றார். அலுமினியம் மெலிசு என்றார். தேரடித் தெருப் பாத்திரக் கடைக்காரர் எதற்கு என்று கேட்டதும், குண்டு என்று சொல்ல வாய் வராமல் மெழுகு உருக்க என்றாராம். எடுத்துக் கொடுத்ததையெல்லாம் தட்டிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, வெறுங்கையோடு வந்தார். பெண் பார்க்க வந்தபோது என்னை இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

என் அம்மா சீராகக் கொடுத்த கனமான இரும்பு வாணலி சமையலறையில்தான் தொங்கியது. அதைவிடப் பொருத்தமானது ஊரில் கிடையாது. ஒருநாள் அதைக் கையில் எடுத்தார்.

"அதைத் தொடாதீங்க. உசுரு எடுக்கிற சாமானைக் காய்ச்சின சட்டியில அப்புறம் நான் எப்படித் தாளிக்கிறது?"

எங்கள் வீட்டு வழக்கம் அது. அப்படிப்பட்ட காரியத்துக்குப் போன பாத்திரம் அடுப்பங்கரைக்குத் திரும்பாது. அதனால் பரணில் கிடந்த பழைய பித்தளைத் தவலையைக் காட்டினேன். இதை மட்டும் தட்டிக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

கொல்லையில் கல் வைத்து அடுப்பு மூட்டினார். "கம்மியா எரியுதுங்க, விறகு ஜாஸ்தி வைங்க" என்று நான் எட்ட நின்று அதிகாரம் செய்தேன். ஈயம் இளகத் தொடங்கியதும் தவலையின் அடி விட்டுவிட்டது. மொத்தமும் அடுப்பில் கொட்டி, ஒரு துளி இவர் கால்விரலில் தெறித்தது.

காலுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தவலையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஓட்டை. எப்போதோ ஈயப்பற்று வைத்து அடைத்த இடம். சூட்டில் அதுதான் முதலில் உருகியிருக்கிறது.

"பத்து வச்ச தவலைனு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியும். பத்து வைக்க எடுத்துட்டுப் போனதே நான்தானே."

"தெரிஞ்சுமா இதுல காய்ச்சினீங்க?"

விரலை ஊதிக்கொண்டே சொன்னார்: "உன் சட்டியில பாவம் ஒட்டக் கூடாதுன்ன. என் கையில ஒட்டினா பரவாயில்லையா?"

அத்தனை நாள் அவரைக் கேலி செய்தவள், வெட்கத்தோடு இன்னொரு குடம் தண்ணீரை அவர் காலில் ஊற்றினேன்.

அப்புறம் குண்டுப் பேச்சை நான் எடுக்கவில்லை; அந்த வருஷம் பாதிக் கடலை பன்றிகளுக்குப் போயிற்று. தவலை ஓட்டையான அன்று, பொழுது சாய்வதற்குள் அந்தச் சுத்தமான வாணலியில்தான் தாளித்தேன். அவர் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.