கண்காட்சிக்கு வந்த வேடியப்பன்

எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரியில் ஒரு சிறிய கலைக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து, பழைய நெல் மண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து அதை நடத்தினார்கள். செயலாளர் ஓய்வு பெற்ற தாசில்தார். ஓவியன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்களே தவிர, நான் வரைந்தது குறைவு. கூடத்தைப் பெருக்குவேன், ஒட்டடை அடிப்பேன். மற்ற நேரமெல்லாம் வாசலில் இருந்த தகரப் பலகையோடுதான். ‘வரவிருக்கும் கண்காட்சிகள்’ என்ற தலைப்புக்குக் கீழே எழுத வேண்டும், அழிக்க வேண்டும். செயலாளருக்குக் கண்காட்சி நடத்துவதைவிட அறிவிப்பதில் ஆசை அதிகம். தலைமை தாங்க வேண்டியவரால் வர முடியவில்லை என்பார். மாதத்தை அழித்து அடுத்த மாதத்தை எழுதுவேன். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து என் நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு.

நடுகல் கண்காட்சி அறிவித்தபோது பொம்மிடிப் பக்கத்துக் கடலைக்காடு ஒன்றிலிருந்து ஒரு கல்லைக் கேட்டு வாங்கினோம். வாள் ஓங்கிய வீரன், காலடியில் மாடுகள். எங்களுக்கு அது நடுகல், காட்டுக்காரர்களுக்குக் காவல் சாமி வேடியப்பன். கண்காட்சி முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விடுவோம் என்று செயலாளர் சொன்னதை நம்பி, அவர்களே லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

காட்டுக்காரரின் மனைவி தருமபுரிக்கு வரும்போதெல்லாம் கலைக்கூடத்துக்கும் வந்தார். பையிலிருந்து சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கல்லின் தலையில் ஊற்றி, குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் செயலாளர் என்னைக் கூப்பிடுவார். நான் சீயக்காய்த் தூள் போட்டு எண்ணெயைத் தேய்த்து எடுப்பேன். அடுத்த முறை அந்த அம்மா வந்து உலர்ந்த கல்லைப் பார்ப்பார். மறுபடி ஊற்றுவார்.

கண்காட்சி ஒருவழியாக நடந்தது. மாலை போட்டார்கள், பேசினார்கள், பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து போனார்கள். கல் மட்டும் ஊர் திரும்பவில்லை. அடுத்தது மரச்சிற்பக் கண்காட்சி. கூடத்தின் நடுவே பெரிதாக ஒன்று வேண்டும் என்று செயலாளர் கல்லை அங்கேயே நிற்கவைத்துவிட்டார்.

அந்த வருடம் மழை இல்லை. ஒரு நாள் அந்த அம்மா எண்ணெய் ஊற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எப்பங்க தருவீங்க? சாமியத் தூக்கிக் குடுத்துட்டாங்கன்னு ஊரே எங்க வூட்டத்தான் பேசுது. கடலச்செடியெல்லாம் காஞ்சு போச்சுங்க.”

செயலாளரிடம் போய்ச் சொன்னேன்.

“இந்தக் கண்காட்சி முடியட்டும்ப்பா. பாதியில எடுத்தா நல்லாவா இருக்கும்?” என்றார்.

“போன தடவையும் இதையேதாங்க சொன்னீங்க.”

“நீ போய்ப் பலகைய எழுது.”

எழுதினேன். அடுத்த மாதம் என்று நான் சொன்னபோது அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார். அதை அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

பொங்கல் கழிந்து வந்தவர் புட்டியை எடுக்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்.

“கல்லு ஒடைக்கிறவங்ககிட்டச் சொல்லி வேற ஒண்ணு கொண்டாந்து நட்டுட்டோங்க. பூசையும் போட்டாச்சு. இவரு இங்கியே இருக்கட்டும்.”

“கோவமாங்க?” என்று கேட்டேன்.

“கோவப்பட எங்கங்க தெம்பு? எத்தினி தடவ பஸ் ஏறுறது?” என்று எழுந்து போனார். இனி சீயக்காய் தேய்க்க வேண்டியதில்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதில் நிம்மதி ஒன்றும் இல்லை.

சில வருடங்களில் கலைக்கூடத்தை மூடினார்கள். மரச்சிற்பங்கள் அவரவரிடம் போய்ச் சேர்ந்தன. செயலாளர் நோயில் படுத்திருந்தார். யாரும் சொல்லாமலே நான் அந்தக் காட்டுக்குப் போனேன். வரப்போரம் உருவம் எதுவும் செதுக்காத நெட்டைக் கல் ஒன்று மஞ்சள் பூசி நின்றது.

“பழைய கல்ல வந்து எடுத்துக்கிறீங்களா?” என்று கேட்டேன். காட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார்.

“இங்கதான் ஒருத்தரு ஒக்காந்துட்டாருங்களே. ரெண்டு பேர எங்கங்க வெக்கிறது?” என்றார் அந்த அம்மா. பிறகு, வெயிலில் வந்திருக்கிறேன் என்று களியும் கீரையும் போட்டார். நல்ல பசி. மறுக்காமல் சாப்பிட்டேன்.

மண்டிக்குச் சொந்தக்காரர் மூட்டை அடுக்க இடம் வேண்டுமென்று அவசரப்படுத்தினார். ஆட்களை வைத்துக் கல்லைப் புரட்டி, கொல்லைச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். அந்த வாரமே சேலத்துக்கு ரயிலேறி, விளம்பரப் பலகை எழுதும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன்.