குடைக் கட்சியை ஜெயிக்க வைத்த நாலு மணி

அச்சுக் கோக்கிறவன் பிழைப்பு உங்களுக்குத் தெரியாததா? ஆயிரம் எழுத்து சரியாக இருந்தால் ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள். ஒரு எழுத்து தப்பினால் ஊரே கூடிப் படிக்கும்.

போன வருஷத்து நேரம்

பினாங்கு மார்க்கெட் தெருவில் நான் வேலை பார்த்தபோது எங்கள் சங்கத்தில் இரண்டு கட்சி: குடை, விளக்கு. இரண்டுக்கும் நோட்டீசு எங்கள் அச்சுக்கூடம்தான். விளக்குக் கட்சித் தலைவர், துணிக்கடை ராமையா, அவசரம் அவசரம் என்று வந்து நின்றார். போன வருஷத்து நோட்டீசுக்குக் கோத்த ஈய எழுத்துகளைக் கலைக்காமல் நூல் சுற்றி வைத்திருந்தேன். அதையே எடுத்துத் தேதியையும் பேர்களையும் மாற்றினேன். பாவி, நேரத்தை மறந்தேன்! போன வருஷம் சங்கத் தேர்தல் ஓட்டு மாலை நாலு மணிக்கு. இந்த வருஷம் காலை பத்துக்கு. பன்னிரண்டுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். விளக்குக்காரர்கள் நாலு மணிக்கு ஜவ்வாது பூசிக்கொண்டு வந்து பூட்டைப் பார்த்தார்கள். குடை மூன்றாம் முறையாக ஜெயித்தது. விஷயம் தெரிந்தால் என் வேலை போச்சு. போன வாரம்தான் ஒரு கல்யாணப் பத்திரிகைப் பிழைக்கு முதலாளி சொல்லியிருந்தார்: "இன்னொரு தப்பு வரட்டும், நாகப்பட்டினம் கப்பல்ல உன்னை நானே ஏத்திவிடறேன்."

வாத்தியார் தொண்டை

மறுநாள் குடைக் கட்சிப் பேச்சாளர் சாமிக்கண்ணு வாத்தியார் நன்றி நோட்டீசு அடிக்க வந்தார். தன் பேர் உச்சியில் வேண்டுமாம், இருக்கிறதிலேயே தடித்த எழுத்தில். ஜெயித்ததே டத்தோ கிராமாட் திடல் கூட்டத்தில் அவர் பேசிய பேச்சால்தானாம். நான் குனிந்து தடித்த எழுத்தைத் தேடினேன். வாத்தியார் நெஞ்சைத் தட்டினார்: "மூணு மணி நேரம் பேசினேன் தம்பி, ஒரு பய எழுந்திரிக்கலையே!"

காக்கா குழம்பு

அன்று மத்தியானமே, அண்ணன் முறையில் எல்லாரும் காக்கா என்று கூப்பிடும் மீரா காக்கா வந்தார். காவடியில் சோறும் குழம்பும் சுமந்து விற்கும் நாசி கண்டார்க்காரர்; வாத்தியார் பேசிய அந்தக் கூட்டத்துக்குச் சோறு போட்டவர். நோட்டீசில் தன் பேர்தான் முதலில் வரவேண்டும் என்று அடம். வாத்தியார் சொன்னதை நான் சும்மா இருக்காமல் எடுத்துவிட்டேன். காக்கா விழுந்து விழுந்து சிரித்தார்: "எப்படி எழுந்திரிப்பான்? பேச்சு முடிஞ்சாத்தான் சோறுன்னு சொல்லி வச்சதே நான்தான்லா!"

ராமையாவின் கையெழுத்து

மூன்றாம் நாள் தோற்ற ராமையாவே அந்தத் தப்பு நோட்டீசும் கையுமாக வந்தார். நான் கோத்துக்கொண்டிருந்த எழுத்தெல்லாம் தரையில் கொட்டியது. முதலாளி அந்தண்டை உட்கார்ந்திருக்கிறார். ராமையா என்னைக் காகிதக் கட்டுக்குப் பின்னால் இழுத்துப்போய், "அச்சுக்கு முன்னாடி எனக்குக் காட்டின அந்தப் புரூப்பை எடு" என்றார். எடுத்தேன். அடியில் அவர் கையெழுத்து: 'சரிபார்த்தேன்.' "ஐயா, என்னை மன்னிச்சிடுங்க" என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் அதைச் சுக்குநூறாகக் கிழித்து மடியில் செருகிக்கொண்டு கிசுகிசுத்தார்: "கத்தாதேடா! படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் எவன் எனக்கு ஓட்டுப் போடுவான்? குடைக்காரன் செஞ்ச சூழ்ச்சின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். அவனுங்களும் 'ஆமாம், எங்க மூளைதான்'னு மீசையை முறுக்கிட்டுத் திரியறானுங்க!"

அன்றிலிருந்து எந்தக் கட்சி ஜெயித்தாலும், தோற்ற கட்சிக்கு நோட்டீசு அடித்தது யார் என்று கேட்டுவிட்டுத்தான் நான் மறுவேலை பார்ப்பது.