சாறு வண்டி செல்வமேரி

அம்மாமண்டபம் ரோட்டில் காலை நடை போகிறவர்கள், செல்வமேரியின் டிவிஎஸ் பக்கம் ஒதுங்காமல் வீடு திரும்புவதில்லை. புத்தூரிலிருந்து அந்த வண்டியிலேயே நாலு கேனைக் கட்டிக்கொண்டு வந்து, புங்கமரத்தடியில் ஸ்டாண்டு போட்டு நிற்பாள். வாழைத்தண்டுச் சாறு, நெல்லிக்காயும் கறிவேப்பிலையும் அரைத்தது, மருதம்பட்டைக் கஷாயம், முருங்கைக்கீரை சூப். சூப்பில் மட்டும் பூண்டு உண்டு, அதற்குத் தனி டம்ளர். பூண்டே சேராத வீட்டிலிருந்து வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அந்த டம்ளரைக் கேட்கிறவர்கள் ரெண்டு பேர் உண்டு. யாரென்று நீங்கள் தலைகீழாக நின்று கேட்டாலும் செல்வமேரி சொல்ல மாட்டாள்.

மற்றபடி வாய் ஜாஸ்தி. "என்ன சார், மூஞ்சி உப்பியிருக்கு? நேத்து கல்யாண வீட்டு அப்பளத்தை ஒரு கை பாத்தீங்களா?" என்று யாராக இருந்தாலும் கேட்டுவிடுவாள். "பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்காமல் ஒருத்தருக்கும் டம்ளர் நீட்ட மாட்டாள். "ஏம்மா, மாத்திரைக் கம்பெனியில கமிஷன் வாங்கறியா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். "கம்பெனியே என்னோடதுதான்" என்பாள்.

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அந்த மாத்திரைக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் புருஷன் பாக்கியநாதன் ஆட்டோ ஓட்டியவர். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ரத்தக்கொதிப்பும் கொழுப்பும் சேர்ந்தே இருப்பதாக டாக்டர் சொன்னதும், செல்வமேரி பதறிப்போய் ஊரெல்லாம் விசாரித்து இந்தச் சாறுகளைக் கற்றுக்கொண்டாள். மாத்திரையும் சாறுமாக மூணு மாசம் போனது. அடுத்த தடவை பார்த்தபோது எல்லாம் இறங்கியிருந்தது. அவ்வளவுதான், இவளுக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் என் சாறு செஞ்ச வேலை. இனிமே இந்தக் கருமம் எதுக்கு?" என்று மாத்திரை அட்டைகளைத் தன் கையாலேயே குப்பைக்கூடையில் போட்டாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்ட ஸ்டூலில் ஏறிய மனுஷன், அப்படியே சரிந்து விழுந்தார். வலது கை, வலது கால், பாதிப் பேச்சு எல்லாம் போயிற்று.

"மாத்திரை போட மறந்துட்டாரு" என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள். அவர் மறுத்துப் பேசவில்லை. பேச்சு கொஞ்சம் திரும்பிய பிறகும், கேட்கிறவர்களுக்கெல்லாம் "மறந்துட்டேன்" என்றே சொன்னார். இருவரும் அதைப் பற்றித் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

போன மாதம் ஒரு நாள், ரயில்வேயில் இருந்து ரிட்டயரான பீமராவ் ஒரு நீளச் சுருளோடு வந்தார். தினமும் முதல் டம்ளர் வாங்குகிற மனிதர்.

"செல்வமேரிம்மா, கண்ணை மூடிக்கோங்க" என்றார். திறந்து பார்த்தால் ஃபிளெக்ஸ் பேனர். அதில் பீமராவ் கட்டை விரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில்: 'நான்கு மாதமாக மாத்திரை இல்லை! எல்லாம் செல்வமேரி அம்மாவின் மூலிகைச் சாறு!'

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். செல்வமேரி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தினமும் கேட்டேனே சார், போடுறேன்னு தானே சொன்னீங்க?"

"சும்மா சொன்னேம்மா. ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டுமேன்னு!"

"அப்ப எங்க ஊட்டுக்காரருக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்லலாமா?" என்று ஒரு அம்மாள் ஆவலாகக் கேட்டாள். அதுதான் செல்வமேரியை உலுக்கியது. வாயைத் திறந்தால் ஏழு வருஷத்துப் பொய் போய்விடும், இந்தப் பிழைப்பும் போகலாம். திறக்காவிட்டால் இந்த மனுஷன் விழுவார், இன்னும் எத்தனை பேர் விழுவார்களோ.

"நிறுத்தாதீங்க" என்றாள். "எம் புருஷன் மாத்திரையை மறக்கல. நான்தான் நிறுத்தினேன். என் சாறு போதும்னு குப்பையில போட்டேன். இன்னிக்கு அவரு சட்டைப் பொத்தான்கூட நான்தான் போட்டு விடுறேன். சாறு துணைக்குத்தான் சார், மாத்திரைக்குப் பதிலா இல்ல. ஆட்டோவில ஏறுங்க, இப்பவே டாக்டரைப் பாக்கணும்."

அவளே கூடப் போனாள். பிரஷர் நூற்றுத் தொண்ணூறு காட்டியது. டாக்டர் விட்ட டோஸில் பீமராவ் சின்னப் பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அங்கேயே மாத்திரையை விழுங்கினார்.

மரத்தடிக்குத் திரும்பி, கேன்களை அரைகுறையாகவே கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பாக்கியநாதன் காலடியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். "ஊர் முன்னால சொல்லிட்டேங்க. உங்ககிட்ட இத்தனை வருஷமா என் தப்புன்னு ஒத்துக்கலியே. என்னை மன்னிச்சிடுங்க" என்று அழுதாள்.

அவர் இடது கையை அவள் தலைமேல் வைத்தார். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"குப்பையில இருந்து… நான் எடுத்திருக்கலாம் மேரி. எடுக்கல. உனக்கு அன்னிக்கு அவ்வளவு சந்தோஷம். முகம் வாடிடுமேன்னு… விட்டுட்டேன்."

"பைத்தியக்கார மனுஷா!" என்று அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர், "நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார்.

மாதா கோயிலுக்குப் போனாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முடங்கிய கையைத் துண்டால் மூடிக்கொள்கிற மனுஷன் அவர்.

மறுநாள் விடிந்தபோது, பழைய கூட்டாளி ஒருவரின் ஆட்டோவில் வந்து இறங்கினார். புங்கமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். துண்டை மடித்துச் செல்வமேரியிடம் கொடுத்துவிட்டு, மடங்கிப்போன வலது கையை எல்லோரும் பார்க்கும்படி மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார்.